கண்டக்டர் இல்லாத பஸ்

வடை வைக்கவில்லை. அதில் சந்தேகமே கிடையாது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த பிறகும் கோமதிநாயகத்துக்கு மனசு ஆறவில்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டு, போய் நல்லாச் சாப்பிட்டு வாங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும் என்று சிஸ்டர் அனுப்பி வைத்தாள். எதிர்த்த ஓட்டலில் இலை போட்டு நாலு இட்லி, சாம்பார், எல்லாம் வந்தது. வடை எங்கப்பா என்று கேட்டதற்கு அந்தச் சப்ளையர் பயல், ‘வச்சிட்டேனே அண்ணாச்சி’ என்று இலையையும் பார்த்தான், இவர் மூஞ்சியையும் பார்த்தான். என்ன பார்வை அது! முப்பது வருசம் இதே ஊருக்குள் பஸ் ஓட்டினவனை, ஒரு வடைக்குப் பொய் சொல்கிறவன் மாதிரி பார்க்கிற பார்வை. இவரும் வேண்டாம் போ என்று எழுந்து கை கழுவப் போனார், கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டது, அந்த நிலையைக் கூட இப்போதெல்லாம் குறுகலாகத்தான் வைக்கிறான்கள். போன மாசம் தென்காசிக் கல்யாணத்திலும் இதே கதைதானே. பந்தியில் வலது பக்கத்து இலைக்காரனுக்கு உப்பு, ஊறுகாய், லட்டு எல்லாம் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது, இவர் இலையில் ஒன்றும் இல்லை. பெண் வீட்டாரிடம் கேட்கவா முடியும்? வேலை போன டிரைவருக்கு இது போதும் என்று யாரோ பரிமாறுகிறவன் காதில் ஓதியிருக்கிறான். இல்லாவிட்டால் உப்பிலிருந்து லட்டு வரைக்கும் எப்படி விட்டுப்போகும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். பத்தே முக்காலுக்குத்தான் அடுத்த ஊசி.

இந்த ஊசியோடு எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவர் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறார். பஸ் இல்லை, பள்ளிக்கூட வேன், இருந்தால் என்ன, நாலு சக்கரம்தானே. பள்ளிக்கூடத்து மேனேஜர் கேட்ட காகிதங்களில் சுகர் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி. கண் பரிசோதனை நேற்றே முடிந்து, மடியில் இருக்கிற மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள், அடுத்த கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள், கடைசி வரியில் இருந்த கடுகு எழுத்து வரைக்கும் விட்டு விளாசிவிட்டார். ஐயாவுக்கு வயசு ஐம்பத்தாறுன்னு சொன்னா யாரு நம்புவா என்று அந்தக் கண்ணாடிக் கடைப் பெண்ணே சொன்னாள். வாய் நிறையச் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டு மேனேஜருக்குத் தனியாக ஏதும் போன் போட்டிருப்பாளோ? போட்டிருக்க மாட்டாள். போட்டுச் சொல்ல என்ன இருக்கிறது? பேத்தி வர்ணிகா யூகேஜி, அந்த வேனில்தான் போகிறாள். மூன்று நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை. தாத்தா வேன், தாத்தா வேன் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. கதவுப் பக்கத்து முதல் சீட்டு எனக்குத்தான், இறங்கினதும் உங்களுக்கு டாட்டா காட்டிட்டுத்தான் போவேன் என்று சட்டம் போட்டிருக்கிறாள். ஆறு மாசமாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசன் அதைக் கேட்டதும் எழுந்து போய், மோட்டார் போடுகிற மாதிரி முதுகைக் காட்டி நின்றார்.

இந்தக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லார் கையிலும் போன். முன் வரிசையில் ஒரு வாத்தியார் மாதிரி ஆள் மிட்டாயை வரிசை சேர்த்து உடைத்துக்கொண்டிருந்தார். நானூறாவது கட்டம், தாண்ட விடமாட்டேங்கிறான் என்று பக்கத்து ஆளிடம் புலம்பினார். அந்தப் பக்கத்து ஆள் காதில் வயரைச் செருகிக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான், சுடுறது நல்லாத்தான் இருக்கு, கூட வாரவன் எவனும் சரியில்ல என்று பதில் சொன்னான். கோமதிநாயகமும் போனை எடுத்தார். மகள் செண்பகா ஏற்றிக் கொடுத்த பஸ் கேம். பொழுது போகட்டும்ப்பா, பாருங்க உங்க பழைய வண்டி பெயிண்டே இதுல இருக்கு, யாரோ பஸ் கிறுக்குப் பிடிச்ச பையன் செஞ்சு விட்டிருக்கான் என்றாள். இருந்தது. அதே கிளிப்பச்சை, அதே மஞ்சள் பட்டை, நெற்றியில் அதே வள்ளிநாயகி என்ற பேர். ஹாரனை அமுக்கினால் அதே குழல் சத்தம், கேட்டதும் முதல் நாள் உடம்பு சிலிர்த்துப்போனது, பொய் சொல்லக் கூடாது. போனையே ஸ்டியரிங் மாதிரி ஆட்டி ஆட்டி ஓட்ட வேண்டும். கியர் மாற்றுகிறபோது ஒரு உறுமல், அது கூட சரிதான், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே அந்த வண்டிக்கு ஒரு இருமல் உண்டு, அது மட்டும் இல்லை. இருநூறு தடவையாவது ஓட்டியிருப்பார். ஆனால் ஏன் ஏற்றிக் கொடுத்தாள் என்ற கேள்விதான் ஓயவில்லை. பொழுது போகத்தான் என்றால் சீட்டு விளையாட்டு இல்லையா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம், இன்னைக்கு எத்தனை இடிச்சீங்கப்பா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாளே, அது ஏன்? இவர் இடிக்கிறது எல்லாம் அவள் போனுக்குப் போய்ச் சேருகிறதோ? அங்கிருந்து மேனேஜருக்கு? பெற்ற மகள். சே, பெற்ற மகளைப் போய். ஆனாலும் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவள், பத்திரம்ப்பா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாளே. எதுக்குப் பத்திரம்? ஊசி குத்துவதற்கா?

ஓட்டிப் பார்த்தவரைக்கும் அந்தக் கேமில் ஒரு பெரிய கோளாறு உண்டு. வண்டிகளை இடது பக்கத்திலிருந்து திடீரென்று பிறக்க வைக்கிறான். ரோடு சுத்தமாக இருக்கும், ஒரு காக்கா குஞ்சு இருக்காது, நேராகப் போய்க்கொண்டே இருப்போம், டமாரென்று ஒரு பைக் அடியில் கிடக்கும். ஸ்டாப்பில் ஓரம் கட்டினால் பயணிகள் நிழற்குடையின் தூண் முறியும். வலது பக்கத்தில் ஒரு தடவை இடித்திருக்கிறாரா? கேளுங்கள், ஒரு தடவை கிடையாது. லாரி, டிராக்டர், எதிரே கண்ணை மூடிக்கொண்டு வருகிற வேன், எல்லாவற்றுக்கும் வழிவிட்டு வருவார். அப்படியென்றால் கோளாறு யாரிடம்? கேமை எழுதினவனிடம். அதோடு, கண்டக்டர் இல்லாத பஸ் ஒரு பஸ்ஸா? நம்ம ஊரில் எந்த மடையனாவது முன் படியில் ஆள் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டுவானா? ஆவுடையப்பன் இருந்தவரைக்கும், பதினெட்டு வருசம், முன் படியில் ஒற்றைக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். வரலாம் வரலாம், லெஃப்ட்டு சைக்கிள், ஒரு கை இடம் இருக்கு, வரலாம், போலாம் ரைட்! அவன் தகரத்தைத் தட்டுகிற தட்டிலேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். டிரைவருக்கு வலது பக்கம், கண்டக்டருக்கு இடது பக்கம், அப்படித்தான் வண்டியைப் பங்கு போட்டு ஓட்டினார்கள். இடது பக்கத்தை இவர் தனியாகப் பார்த்ததாக ஞாபகமே இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. கடைசி இரண்டு மாசம் மட்டும் ஆவுடை ரொம்பவே கத்தினான். தொண்டைத் தண்ணீர் வற்றுகிற கத்து. காது செவிடுன்னு நெனச்சியாலே என்று கூட ஒரு நாள் இவர் சத்தம் போட்டார். அவன் பாட்டுக்கு டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போதே மனசில் ஏதோ வைத்திருந்திருக்கிறான், கள்ளன்.

வைத்திருந்தது பங்குனியில் வெளியே வந்தது. கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு ஸ்டாப்பில் வண்டியை ஓரம் கட்டுகிறார், பால்காரர் ஒருத்தர் சைக்கிளோடு அடியில் கிடக்கிறார். எங்கிருந்து வந்தார்? பூமியைப் பிளந்துகொண்டு வந்தாரா? ரோட்டில் பால் ஓடியது, வெள்ளை வெளேரென்று முன் சக்கரத்தைச் சுற்றி ஓடியது, இன்னும் டீக்கடையில் பால் பொங்கினால் இவர் எழுந்து வெளியே வந்துவிடுகிறார். கால் எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது, உயிர் தப்பியது தெய்வச் செயல். ஸ்டேசனில் கேட்டபோது இவர் சொன்னார், சாமி சத்தியமா ரோடு காலியா இருந்துச்சு. அடுத்து ஆவுடையைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அண்ணாச்சி பாக்கவே இல்ல சார், பால்காரர் ரொம்ப நேரமா முன்னாலதான் போய்ட்டிருந்தாரு என்றான். பதினெட்டு வருசம் ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவன். முதலாளி மறுநாளே சாவியை வாங்கிக்கொண்டார். ஆவுடை அதே வண்டியில் புது டிரைவரோடு போகிறான். இதற்கு மேல் என்ன விளங்க வேண்டும்? எவனையோ டிரைவர் ஆக்க இவரைத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். அவன் நம்பரிலிருந்து பதினோரு தடவை போன் வந்தது. இவர் எடுக்கவில்லை. எடுத்து என்ன பேச?

“அங்கிள், நீங்களும் இந்த ரூட்டுதான் ஓட்டுறீங்களா?” குரல் மட்டும் கேட்டது. யாரென்று பார்க்க முகத்தைத் திருப்பினால் இடது பக்கத்து நாற்காலியில் ஒரு மாசமான பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாசம் இருக்கும். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்றே தெரியவில்லை, பூனை மாதிரி வந்திருக்கிறாள். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம், அவளுக்கும் இரண்டு மணி நேரக் காத்திருப்பாம். “நானும் இதைத்தான் விளையாடுறேன். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, அவரு அங்க இருந்து ஒரு பஸ், நான் இங்க இருந்து ஒரு பஸ், சேர்ந்தே ஓட்டுவோம். மத்த கேமெல்லாம் ரெண்டு நாள்ல சலிச்சிரும் அங்கிள், இதுல மட்டும் நம்ம ஊரு வாசமே அடிக்கி.” கோமதிநாயகம் விறைப்பாக, “இதுல கோளாறு இருக்கு தாயி. லெஃப்ட்டுல பைக்கு திடீர்னு வருது” என்றார். “இல்லையே, எனக்கு அப்படி வந்ததே இல்லையே” என்று அவள் யோசித்தாள். “இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? புளியமரத்து வளைவு தாண்டினதும் ஒரு டீக்கடை வருதுல்லா, அது வாசல்ல ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கும். ஹாரன் அடிச்சா தலையைத் தூக்கிப் பாக்கும். அதுக்காகவே நான் அங்க ஹாரன் அடிப்பேன்.”

டீக்கடையா? அந்த வளைவு தாண்டி வலது பக்கம் ஒரு கிணறு, ஒரு பம்புசெட்டு, பிறகு வெறும் காடு. இருநூறு தடவை போயிருக்கிறார், டீக்கடையும் இல்லை, நாயும் இல்லை. இந்தப் பெண் எதற்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்லுகிறாள்? வயிற்றுப் பிள்ளைக்காரி, பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? யாராவது சொல்லச் சொல்லியிருப்பார்களோ? செண்பகாவுக்கு இவளைத் தெரியுமோ? இரண்டு பேரும் ஒரே காலேஜோ? அப்பா எதையெல்லாம் பார்க்கிறார், எதையெல்லாம் பார்க்கவில்லை என்று கேட்டுச் சொல்லு என்று அனுப்பியிருந்தால்? ஓட்டலில் ஒருத்தன், கல்யாணத்தில் ஒருத்தன், ஸ்டேசனில் ஒருத்தன், இப்போது இங்கே ஒருத்தி. நாலு திசையிலும் ஆள் வைத்து ஒரு மனுசனைக் கிறுக்கனாக்கப் பார்க்கிறார்கள். “உன் போனுல வேற மாதிரி வரும்போல” என்றார். “ஒரே மேப்புதான் அங்கிள். ஓட்டுங்க, காட்டுறேன்” என்றாள் அவள், சாவகாசமாக. ரோசம் வந்துவிட்டது. வண்டியை எடுத்தார். மூன்றாவது கியர், நாலாவது கியர், புளியமரம் வந்தது, வளைத்தார், கிணறு வந்தது, பம்புசெட்டு வந்தது. “எங்க?” என்றார் வெற்றியோடு. “நிறுத்துங்க நிறுத்துங்க. அதோ இருக்கே” என்றாள். “எங்க தாயி?” “உங்க முன்னாலதான். இங்க.” அவளுடைய மருதாணி விரல் எங்கிருந்தோ வந்து போன் கண்ணாடியைத் தொட்டது. விரலைப் பார்க்கக் கண்ணை நகர்த்தினார். விரலுக்குக் கீழே டீக்கடை இருந்தது. பாய்லர், பெஞ்சு, தொங்குகிற வாழைத்தார். வாசலில் வெள்ளை நாய்.

ஹாரனை அமுக்கினார். நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. மறுபடியும் ரோட்டைப் பார்த்தார், நாய் இல்லை, கடை இல்லை. இல்லை என்றால் கறுப்பாக எதுவும் இல்லை, மறைப்பாக எதுவும் இல்லை, அந்த இடமே இல்லை, அப்படி ஒன்று தேவைப்படுகிற மாதிரியும் தெரியவில்லை. கண்ணை இடது பக்கம் தள்ளினார். நாய் வந்தது. ரோட்டுக்கு வந்தார். நாய் போனது. போனை முகத்துக்கு வலது பக்கமாகக் கொண்டுபோனார், கடை, நாய், வைக்கோல் வண்டி, ரோட்டோரம் போகிற ஒரு சைக்கிள்காரன் எல்லாரும் திமுதிமுவென்று வந்து நின்றார்கள். இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வலது பக்கம் வாத்தியார், மிட்டாய், துப்பாக்கிக்காரன், கதவு, வெயில். இடது பக்கம்? அந்தப் பெண் இல்லை. இப்போது பேசிக்கொண்டிருந்தவள், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவள், இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கழுத்தைத் திருப்பினார், இருந்தாள், பயந்துபோய் இவரைப் பார்த்துக்கொண்டு. “என்ன அங்கிள், மயக்கமா? சுகர் இறங்கிட்டா?” ஒன்றுமில்லை தாயி என்றார். தை மாசம் ஒரு நாள் பின்மண்டையில் விண்ணென்று தெறித்ததே, வெயில் சூடு என்று மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுத்தாரே, அன்றைக்கா? கடைசி வரி வரைக்கும் வாசித்தாரே. வாசிக்கச் சொன்ன எழுத்தைக் கண் நேராகத் தேடிப் போனது, வாசித்தது. ஓரத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வடை இலையின் இடது ஓரத்தில்தான் இருந்திருக்கும், ஆறிப்போய். லட்டும் அங்கேதான் இருந்திருக்கும், இலைக்கு இடது ஓரத்தில்தானே இனிப்பு வைப்பார்கள், உலகத்துக்கே தெரியும், அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஐயோ, அந்தப் பால்காரர். ரொம்ப நேரமாக முன்னால் போய்க்கொண்டிருந்தாராமே. மணி அடித்திருப்பாரோ.

யாரும் சதி செய்யவில்லை. எவ்வளவு தேடினாலும் ஒருத்தனும் அகப்படவில்லை. இத்தனை பேரையும் சந்தேகப்பட்டாரே, தன் கண்ணை ஒரு நாள், ஒரே ஒரு நாள் சந்தேகப்பட்டிருக்கலாமே. வேன் கதவு எந்தப் பக்கம்? இடது பக்கம். பிள்ளைகள் ஏறுவதும் அங்கே, இறங்குவதும் அங்கே. இறங்கினதும் டாட்டா காட்டிட்டுத்தான் போவேன் என்கிறாள் வர்ணிகா. எங்கே நின்று காட்டுவாள்? முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், மூன்றடி உயரத்தில் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள், தாத்தா கண்ணாடியைப் பார்ப்பார், ரோடு சுத்தமாக இருக்கும், ஒரு காக்கா குஞ்சு இருக்காது. ஒரு நினைப்பும் கூடவே வந்தது, அதையும் மறைக்கக் கூடாது: யாருக்கும் தெரியாது. கண் ரிப்போர்ட் சரி, சுகரும் சரியாகத்தான் வரும், கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி ஓட்டினால் போதும், வேனில் ஆயா ஒருத்தி இருக்கிறாள், அவளைச் சத்தம் கொடுக்கச் சொன்னால் போதும். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது? கடிகாரத்தில் ஒரு நிமிசம் இருக்கும். அந்த ஒரு நிமிசத்துக்காக அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. போனை நிமிர்த்தினார். டீக்கடை முன்னால் பச்சை பஸ் இன்ஜின் ஓடியபடி நின்றது, முன் படியில் ஆள் இல்லை. அதை மூடிவிட்டு, எடுக்காமல் விட்ட அந்த நம்பரைத் தேடினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் பஸ் இரைச்சல், விசில். “அண்ணாச்சி?” என்றான், நம்பாத குரலில். கோமதிநாயகம் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார். “எனக்கு லெஃப்ட்டு தெரியல, ஆவுடை” என்றார். பிறகு ஆவுடையப்பன், “தெரியும் அண்ணாச்சி” என்றான். “தை மாசத்துல இருந்தே தெரியும். அதான அப்படிக் கத்திக்கிட்டே வந்தேன். வெளிய சொன்னா உங்க வேல போயிருமேன்னு வாய மூடிக்கிட்டேன், கத்தியே ஓட்டிரலாம்னு நெனச்சேன். அன்னைக்குக் கூட்டம், முன்னால பால்காரரப் பாத்த பெறவும் பின்னால டிக்கெட் போடப் போய்ட்டேன். அந்த மனுசன் கால நானும் சேர்ந்துதான் அண்ணாச்சி ஒடிச்சேன்.” குரல் உடைந்தது. “ஸ்டேசன்லயாச்சும் உள்ளதச் சொல்லணும்லா. அதான் சொன்னேன். வேன் எடுக்கப் போறியளாமே, செண்பகா சொல்லுச்சு. அதுக்குத்தான் நேத்துக்கூடக் கூப்பிட்டேன்.” “எடுக்கல” என்றார் கோமதிநாயகம். “வர்ணிகாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எடுக்கல.” “எங்க இருக்கிய?” சொன்னார். “அங்கயே இருங்க. தனியா ரோட்டத் தாண்டிராதிய. மதிய டிரிப்ப மாத்திவிட்டுட்டு வாரேன், பெரியாஸ்பத்திரியில தலையக் காட்டிருவோம். கேக்குதா?” கேட்குது என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

“ஐயா, எவ்வளவு நேரமா கூப்பிடுதேன், மணி பத்தே முக்கால் ஆச்சு” என்று சிஸ்டரின் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை. அவர் கழுத்தை இடது பக்கம் நன்றாகத் திருப்பினார், நீல உடுப்போடு அவள் ஊசித் தட்டை ஏந்தி நின்றாள். “எந்தக் கையில எடுக்கட்டும்? வலதுல காலையிலயே குத்தியாச்சு.” “இடதுல எடுங்க” என்றார். கையை நீட்டினார். ஊசி ஏறி, ரத்தம் குழாயில் நிறைந்து, பஞ்சு வைத்து அமுக்குகிற வரைக்கும், கழுத்தைத் திருப்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.